இடது பக்க ஸ்டாப்பர்

யூடியூபில் நான் இன்னமும் இருக்கிறேன், வேறொருவன் கோல் அடிக்கிற வீடியோவில். மொத்தமே பத்து வினாடி. பந்து நடுக்கோட்டைத் தாண்டி வருகிறது. மஞ்சள் ஜெர்சி போட்ட ஒருவன் அதைத் துரத்தி ஓடுகிறான். எங்கள் கோல்கீப்பர் வலது பக்கம் விழ, பந்து இடது பக்கம் போகிறது. இவ்வளவுக்கும் நடுவில் திரையின் ஓரத்தில் ஓடாமல், வலது கையை உயர்த்திக்கொண்டு, ஆஃப்சைடு ஆஃப்சைடு என்று லைன்ஸ்மேனைப் பார்த்துக் கத்திக்கொண்டு ஒருவன் நிற்கிறானே, அது நான்தான். எனக்குப் பின்னால் பத்தடி தள்ளி, திரும்ப முயன்று முடியாமல் ஒற்றைக் காலில் தள்ளாடுகிறவன் என் ஜோடி.

கீழே எழுதியிருக்கிறவர்கள் எல்லாரும் அவனைத்தான் திட்டுகிறார்கள். மற்ற மூன்று பேரும் ஒழுங்காக முன்னால் ஏறி வந்தபோது இவன் மட்டும் ஏன் பின்னால் தூங்கினான், இவன் ஒருவனால் கிளப்பே கீழ் டிவிஷனுக்குப் போய்விட்டது என்று. என்னைப் பற்றி ஒரே ஒரு ஆள் எழுதியிருக்கிறார். கை தூக்கியவன் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தான், பாவம் என்று. அந்தப் பாவத்தைப் படிக்கும்போதெல்லாம் போனைத் தூக்கி நெடுஞ்சாலையில் எறியலாமா என்று எனக்குத் தோன்றும். தப்பு அவனுடையது இல்லை, என்னுடையது. அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. பதினோரு வருடமாக நான் அதை வெளியே சொல்லவில்லை. அவனிடம்கூட வாய் திறந்து ஒப்புக்கொள்ளவில்லை.

ஸ்டாப்பர் என்றால் கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கிற தடுப்பாட்டக்காரன். இரண்டு பேர் இருப்போம். வலது பக்கம் நான், இடது பக்கம் அவன். கோல் அடிக்கிறவன் ஒன்பது முறை வானத்தைப் பார்த்து உதைத்துவிட்டு பத்தாவது முறை உள்ளே தள்ளினால் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். நாங்கள் எண்பத்தொன்பது நிமிடம் உயிரைக் கொடுத்துவிட்டு ஒரு நிமிடம் பிசகினால் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் ஊர் எடுத்து வைத்துக்கொள்ளும். இந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் போகவில்லை. போக வேண்டாம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

அவனை நான் முதன்முதலில் பார்த்தது சென்னையில். லீக் ஆடுகிற ஒரு டிபார்ட்மெண்ட் டீமுக்கு எங்கள் இருவரையும் ஒரே வாரத்தில் எடுத்தார்கள். நான் பாடாலூர்க்காரன். அவன் அரியலூர் பக்கத்துக் கல்லங்குறிச்சி. அப்போது எங்கள் மாவட்டத்தைப் பிரிப்பதும் சேர்ப்பதும் மறுபடி பிரிப்பதுமாக அரசாங்கம் விளையாடிக்கொண்டிருந்தது. மேனேஜர் இரண்டு விண்ணப்பத்தையும் பார்த்துவிட்டு, ஒரே ஊர்க்காரன்கள்தானே, ஒரே ரூமில் இருங்கள் என்று சொல்லிவிட்டார். அவனுக்கு வந்ததே கோபம். ஒரே ஊர் இல்லை சார், நான் அரியலூர் என்று மேஜைக்கு முன்னால் நின்று வாதாடினான். அன்றிலிருந்து டீமில் அவன் பெயர் அரியலூரு, என் பெயர் பெரம்பலூரு. சொந்தப் பெயர் சொல்லி நாங்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டதே கிடையாது. கடைசியாக மாவட்டம் நிரந்தரமாகப் பிரிந்த செய்தி வந்த அன்று, இனிமேல் நீ எனக்கு வெளியூர்க்காரன், மரியாதையாக இரு என்றான்.

அவன் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தவருடைய மகன். ஆறடிக்கு மேல் உயரம். மேலே வருகிற பந்து எல்லாம் அவன் தலைக்கு. கீழே நழுவுவது எல்லாம் என் காலுக்கு. இதை நாங்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை, முதல் மாட்சிலேயே அப்படி அமைந்துவிட்டது. பேச்சு முழுக்க என்னுடையது. அவன் ஒரு மாட்ச் முழுவதும் பத்து வார்த்தை பேசினால் அதிகம். கார்னர் அடிக்க எதிரணி தயாராகும்போது மட்டும் என் ஜெர்சியின் கீழ் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொள்வான். கூட்டத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்துகொள்வதற்கு. துவைக்கிறவர் என் ஜெர்சி மட்டும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு தொங்குகிறதே என்று கேட்பார்.

சென்னையிலிருந்து இரண்டு பேரையும் சேர்த்தே கோவாவில் ஒரு கிளப் எடுத்தது. அங்கேதான் எங்களுக்குப் பெயர் வந்தது, ஆஃப்சைடு பொறியால். புரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பின்வரிசையில் நிற்கிற நாலு பேரும் ஒரே நொடியில் முன்னால் நகர்ந்துவிட்டால் எதிரணிக்காரன் எங்களுக்குப் பின்னால் தனியாக மாட்டிக்கொள்வான். அந்த நேரம் அவனுக்குப் பந்து கொடுத்தால் அது ஆஃப்சைடு, ஆட்டம் நின்றுவிடும். நாலு பேரும் நகர வேண்டும், அதுதான் விஷயம். ஒருவன் பின்தங்கினாலும் பொறி திறந்துகொள்ளும். அதனால் எப்போது நகர்வது என்று ஒரே ஆள்தான் குரல் கொடுக்க வேண்டும். அந்த ஆள் நான்.

ஆங்கிலத்தில் குரல் கொடுத்தால் எதிரணிக்காரனும் கேட்டுக்கொண்டு உஷாராகிவிடுவான். என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஒரு லீவுக்கு ஊருக்கு வந்தோம். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில், குன்னம் பக்கம் ஒரு நிறுத்தத்தில் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு போலாம் ரைட் என்று கத்தினார். அவன் என் விலாவில் இடித்தான். அவ்வளவுதான். அடுத்த மாட்சிலிருந்து, முன்னால் ஏற வேண்டுமென்றால் போலாம் ரைட், அப்படியே நிற்க வேண்டுமென்றால் ஹோல்டான். வலது ஓரத்தில் ஆடிய மணிப்பூர்க்காரனும் இடது ஓரத்தில் ஆடிய கோவாக்காரனும் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டார்கள். கடற்கரையோரம் ஒரு ஸ்டேடியத்தில் பெரம்பலூர் டவுன் பஸ் ஓடிக்கொண்டிருந்தது. இதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

அந்த வருடங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. வெற்றியோ தோல்வியோ, ஆட்டம் முடிந்ததும் ரூமுக்கு வந்து சுவரோரம் கால்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருப்போம். நான் அன்றைய மாட்சை முதல் நிமிடத்திலிருந்து திட்டித் தீர்ப்பேன். ரெஃபரி, கோச், எங்கள் ஃபார்வர்டுகள், யாரையும் விடமாட்டேன். அவன் ம் என்பான். சில நாள் ம் கூட வராது. ஆனால் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று தெரியும். இன்றைக்கு நான் பேச ஆரம்பித்தால் வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார்கள்.

கடைசி சீசனில் அவன் இடது முட்டி கெட்டுப்போனது. சில நாள் சாதாரணமாக இருக்கும். சில நாள் மடக்கியது மடக்கியபடி பூட்டிக்கொள்ளும், திரும்பி ஓட முடியாது. வெளியே தெரிந்தால் காண்ட்ராக்ட் போய்விடும் என்று அவன் டாக்டரிடம் பாதிதான் சொன்னான். எந்த முட்டி என்று எதிரணிக்குத் தெரியக் கூடாதென்று இரண்டு முட்டிக்கும் டேப் சுற்றிக்கொள்வான். சுற்றிவிடுவது நான், கிரவுண்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஹோட்டல் ரூமில் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு. முட்டி மோசமான நாட்களில், இன்னைக்கு நிறுத்தி நிறுத்திதான்டா போவணும் என்பான். அதற்கு அர்த்தம், பொறி வேண்டாம், ஏறச் சொல்லிக் கூப்பிடாதே, பின்னாலேயே நின்று சமாளிப்போம் என்பது. கோச்சுக்குக்கூட இந்த ஏற்பாடு தெரியாது. நான் ஒருத்தன் அதைக் காப்பாற்றினால் போதும்.

அந்த மாட்ச் அந்த சீசனின் கடைசி மாட்ச். சமன் செய்தாலே கிளப் மேல் டிவிஷனில் தங்கிவிடும். காலையில் டேப் சுற்றும்போதே அவன் சொல்லிவிட்டான், நிறுத்தித்தான் போக வேண்டுமென்று. முட்டி கையில் சுட்டது. எண்பது நிமிடம் வரை நான் ஹோல்டான் தவிர வேறு வார்த்தை சொல்லவில்லை. கோல் இல்லை. இன்னும் பத்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தால் போதும்.

கொல்கத்தாவின் பெரிய கிளப் ஒன்றிலிருந்து ஒரு ஆள் என்னைப் பார்க்க வந்து கேலரியில் உட்கார்ந்திருந்தார். எனக்கு முதல் நாளே தெரியும். அவர் பார்க்க வந்தது பொறி வைக்கிற ஸ்டாப்பரை. அன்று முழுவதும் நான் வைக்கவேயில்லை. எதிரணியின் நடு ஆட்டக்காரன் நீளமாக உதைக்கக் காலைப் பின்னால் இழுத்தான். மஞ்சள் ஜெர்சிக்காரன் அவசரப்பட்டு ஓட எத்தனித்தான். இவ்வளவு வசதியாக ஒருவன் வந்து மாட்ட மாட்டான் என்று தோன்றியது. போலாம் ரைட் என்று கத்தினேன்.

பழக்கதோஷத்தில் வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள எனக்கு ரொம்ப ஆசை. பல வருடம் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். பொய். வாயைத் திறப்பதற்கு முன்னால் அவன் முட்டி என் நினைவுக்கு வந்தது. வந்தும் கூப்பிட்டேன். நாங்கள் மூன்று பேரும் ஏறினோம். அவன் அங்கேயே நின்றான். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைத் தூக்கினேன்.

டிரஸ்ஸிங் ரூமில் எங்கள் வெளிநாட்டுக் கோச், ரொம்ப நல்ல மனிதர், குரலை உயர்த்தாமல்தான் கேட்டார், லைனில் ஏறாமல் பின்னால் நின்றது யார் என்று. அவன் கையைத் தூக்கினான். மை மிஸ்டேக் கோச் என்றான். அவன் ஆங்கிலத்தில் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான். முட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கூப்பிட்டதைப் பற்றியும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

கிளப் கீழே போனது. அவனை விடுவித்தார்கள். கொல்கத்தாவில் எனக்கு மூன்று வருட காண்ட்ராக்ட் கிடைத்தது. அவனை வழியனுப்ப கோவாவின் மட்காவ் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். இன்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். தண்ணீர் பாட்டில் வாங்கினாயா, சைடு பெர்த்தா, சாப்பாடு எந்த ஸ்டேஷனில் நன்றாக இருக்கும், இதையே அரை மணி நேரம் பேசினேன். வண்டி நகர்ந்தபோது வரேன்டா என்றான். நான் கை காட்டினேன்.

கொல்கத்தாவில் என் இடது பக்கம் ஒரு பிரேசில்காரன் ஆடினான். குறை சொல்ல முடியாத ஆட்டக்காரன். ஆனால் அவனோடு ஆடியது வாடகை வீட்டில் குடியிருந்தது மாதிரி. எல்லாம் இருந்தது, ஆணி அடிக்க முடியவில்லை. முதல் வருடம் அரியலூரான் இரண்டு முறை போன் செய்தான், டிவியில் மாட்ச் பார்த்துவிட்டு. நல்லா ஆடுனடா என்றான். அதற்கு மேல் அவனும் பேசவில்லை, எனக்கும் பேச நா எழவில்லை. பிறகு என் நம்பர் மாறிவிட்டது. மாறிவிட்டது என்ன, நான்தான் மாற்றினேன். அவன் கல்யாணப் பத்திரிகை கிளப் முகவரிக்கு வந்தது. மாட்ச் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வாரம் மாட்ச் இல்லை.

ஆடி முடித்து ஊருக்கு வந்து ஏழெட்டு வருடமாகிறது. பாடாலூரில் ஹைவே ஓரம் கடை வைத்திருக்கிறேன். பிவிசி பைப், மோட்டார் சாமான், போர்வெல்லுக்கு வேண்டியது எல்லாம் இருக்கும். சுவரில் போட்டோ எதுவும் மாட்டவில்லை. வெங்காயம் போடுகிறவர்கள், மக்காச்சோளம் போடுகிறவர்கள் வந்து எத்தனை இன்ச், எத்தனை அடி என்று கேட்டு வாங்கிப்போகிறார்கள். நான் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது எனக்கு வசதிதான்.

ஆனால் உடம்பு மறக்க மாட்டேன் என்கிறது. யாரோடு நடந்தாலும் நான் வலது பக்கம் போய்விடுகிறேன். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் இடது பக்கத்து நாற்காலியில் யார் வந்து உட்கார்ந்தாலும் ஒரு நொடி எரிச்சல் வருகிறது, அது ஆள் இருக்கிற இடம் என்பது போல. ஒருமுறை பெரம்பலூரில் பழைய ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு மாட்ச் ஆடினோம். என் இடது பக்கம் ஒரு பேங்க் மேனேஜர் நின்றார். நான் என்னையறியாமல் போலாம் ரைட் என்று கத்திவிட்டேன். அவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, எங்க சார் என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பாதியிலேயே தொடை பிடித்துக்கொண்டது என்று சொல்லி வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன். அவன் இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. இதை ஒரு நாற்பது வயது ஆண்பிள்ளை யாரிடம் போய்ச் சொல்வது?

சரக்கு விஷயமாக மாதம் ஒரு தடவையாவது அரியலூர் போவேன். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் தூசியைத் தின்றுகொண்டு போய், வேலை முடிந்ததும் அதே தூசியில் திரும்பிவிடுவேன். டவுனிலிருந்து கல்லங்குறிச்சி கூப்பிடுகிற தூரம். ஒரு தடவை பஸ் டவுனுக்குள் நகர்ந்துகொண்டிருந்தபோது ஒரு விதைக்கடை வாசலில் அவனைப் பார்த்தேன். முதுகுதான் தெரிந்தது. முகம் எதற்கு, அந்த முதுகை நான் பத்து வருடம் பார்த்திருக்கிறேன். இடது காலை லேசாக இழுத்துக்கொண்டு கடைக்குள் ஏறினான். நான் எழுந்து படிக்கட்டு வரைக்கும் வந்தேன். கண்டக்டர் இறங்கணுமா என்று கேட்டார். இல்லை என்றேன்.

என் மனைவியின் அம்மா வீடு குன்னத்தில். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம், சோளம் அடித்ததும் முதல் மூட்டையைக் கல்லங்குறிச்சிப் பெருமாளுக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டுத்தான் மீதியை விற்பார்கள். அந்தப் பக்கத்தில் நிறைய குடும்பங்கள் அப்படித்தான். வருடா வருடம் என்னைக் கூப்பிடுவார்கள். நான் வருடா வருடம் ஒரு சாக்கு சொல்வேன். மச்சினன் கொண்டுபோய்விடுவான். இந்த வருடம் மச்சினன் வேலைக்கு வெளிநாடு போய்விட்டான். மாசி மாதம் ஒரு சனிக்கிழமை மூட்டை தயாராகிவிட்டது. நான் கடையில் ஆள் இல்லை என்று ஆரம்பித்தேன். என் மனைவி அன்றைக்கு விடவில்லை. பெருமாள் ஒங்களுக்கு என்னங்க பண்ணாரு, அந்த ஊருன்னாலே மூஞ்சி போற போக்கே சரியில்லையே என்று கேட்டாள்.

சொன்னேன். முட்டி, டேப், கேலரியில் இருந்த ஆள், எல்லாவற்றையும். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் பெரிதாக ஏதாவது சொல்லுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். இத சொல்லவா பதினோரு வருசம் என்றாள். எழுந்துபோய் வேனுக்குப் போன் போட்டாள்.

கோயிலில் மூட்டையைக் கொட்டிவிட்டு அவளை மண்டபத்தில் உட்காரவைத்துவிட்டு அவன் வீட்டைத் தேடிப் போனேன். கோவாவில் ஃபுட்பால் ஆடினாரே என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. உயரமாக இருப்பார், இடது காலை இழுத்து நடப்பார் என்றதும் ஒரு அம்மா, சோளம் அடிக்கிற மெஷின் வச்சிருக்காரே அவரா, தெக்குக் கொல்லையில ஓடுது பாருங்க என்று கை காட்டினார். சத்தத்தை வைத்தே போய்விட்டேன். டிராக்டரோடு பூட்டிய மெஷின் ஒரு பக்கம் சக்கையைக் கக்கிக்கொண்டிருந்தது, மறுபக்கம் மணி கொட்டிக்கொண்டிருந்தது. அவன் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றிருந்தான். புருவமெல்லாம் உமித்தூசி. என்னைப் பார்த்தான். ஆச்சரியப்பட்ட மாதிரியே தெரியவில்லை. தரையில் கிடந்த ஒரு சாக்கைக் காலால் என் பக்கம் தள்ளினான்.

நான் அதை விரித்து வாயைப் பிடித்தேன். மணி வந்து விழுந்தது. அது நிறைந்ததும் அவன் கட்டினான், நான் அடுத்ததைப் பிடித்தேன். ஆறு மூட்டை, ஒரு வார்த்தை இல்லை. மெஷின் போட்ட சத்தத்தில் பேசவும் முடியாது. உண்மையைச் சொன்னால், அந்த ஆறு மூட்டை நேரம்தான் எனக்குப் பதினோரு வருடத்தில் கிடைத்த நல்ல நேரம். நான் எந்தப் பக்கம் நகர்ந்தால் அவன் எந்தப் பக்கம் வருவான் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இப்படியே பேசாமல் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவன் போய் டிராக்டரை அணைத்துவிட்டு வந்து மூட்டை மேல் உட்கார்ந்தான்.

"அன்னைக்கு நாந்தான் கூப்ட்டேன். ஒன் முட்டி ஞாபகம் இருந்துச்சு. இருந்தும் கூப்ட்டேன்," என்றேன்.

அவன் துண்டை அவிழ்த்து உதறினான். "தெரியும். எனக்கு முட்டிதான் போச்சு, காது போவல."

நான் அதற்கப்புறம் நிறையப் பேசினேன். கேலரியில் இருந்த ஆளைப் பற்றிச் சொன்னேன். டிரஸ்ஸிங் ரூமில் வாயை மூடிக்கொண்டிருந்தது, மட்காவில் தண்ணீர் பாட்டிலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது, கல்யாணத்துக்கு வராதது, எல்லாம் வரிசையில்லாமல் வந்தது. அவன் பழைய மாதிரியே கேட்டுக்கொண்டிருந்தான். நடுவில் ம் மட்டும் வந்தது. நான் நிறுத்தியதும் அவன் ஆரம்பித்தான்.

"கோலு போனதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்லடா. டிரஸ்ஸிங் ரூமுல நான் கையத் தூக்குனப்ப நீ குனிஞ்சி ஷூ லேச அவுத்துக்கிட்டு இருந்த. ஏற்கெனவே அவுந்து கெடந்த லேசு. அதுதான் ஞாபகம் இருக்கு. நிமுந்து, இல்ல கோச், நாந்தான்னு ஒரு வார்த்த சொல்லுவன்னு பாத்தேன். சொல்லியிருந்தா விட்டுருப்பனா? இல்ல, என் தப்புதான்னு ஒன்னோட சண்ட போட்டுருப்பேன். காண்ட்ராக்ட்டு அப்பவும் ஒனக்குத்தான் வந்துருக்கும். நான் எப்புடியும் வூட்டுக்குத்தான். ஆனா சண்ட போட ஒரு வாய்ப்பு குடுக்கலியே நீ."

அவன் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. என் சுபாவம் அப்படி. பஸ் ஓடாத ஊரா இது, நீ வந்து நாலு அறை விட்டிருக்கலாமே, எதற்கு இத்தனை வருடம் என்னைச் சாகடித்தாய் என்று கத்தினேன். பக்கத்துக் கொல்லையில் கதிர் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவன் சிரித்தான். முன்பல் ஒன்று போயிருந்தது. "வந்தேன்டா ஒருவாட்டி. பெரம்பலூரு ஸ்டாண்டுல பாடாலூரு பஸ்ஸுல ஏறி உக்காந்துட்டேன். அப்பறம் எறங்கிட்டேன்."

"ஏன்?"

"வந்தா நீ சாரிம்ப. நான் பரவால்லம்பேன். அதோட தீந்துரும். அது ஒன் மனசுல கெடக்கிற வரைக்கும் நீ என்னைய நெனச்சிக்கிட்டுத்தான இருப்ப? இருக்கட்டும்னு வுட்டுட்டேன்." சொல்லிவிட்டு விழுந்து கிடந்த மணிகளைக் காலால் குவித்தான். பிறகு என்னைப் பார்த்தான். "இப்ப சொல்லிட்ட. இனிமே எதுக்குடா என்னைய நெனைக்கப்போற?"

விளையாட்டாகத்தான் கேட்டான். ஆனால் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தான். சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும், நேராகச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை மெஷின் யார் கொல்லையில் ஓடும் என்று கேட்டேன். அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வழி சொன்னான்.